பாதி வண்டியை முழுசாத்தான் விக்கணும்

"தொடரும்" போட்டுட்டு தொடராம விட்ட தொடர்களை எல்லாம் நம்ம பதிவர்கள் வட்டத்துல பட்டியல் எடுத்தா, அந்தப் பட்டியலையே பத்து பாகமா எழுதலாம். அதனால பாதியில நிக்கிற வேலைன்னா என்னன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதுவும் அப்படி ஒரு வேலையைப் பத்தின பதிவுதான். என்ன, இது டிராஃப்ட் ஃபோல்டர்ல கிடக்காது. ஒன்றரை டன்னுக்கு மேல எடை, கராஜ் முழுக்க அடைச்சுக்கிட்டு நிக்கும்.

டாலஸ் பக்கத்துல நான் வாடகைக்கு இருக்கற வீட்டு கராஜ்ல 1972 மாடல் ஷெவர்லே சி-10 பிக்கப் ஒண்ணு இருக்கு. நாலு வருஷமா சனி ஞாயிறுகள்ல அதைப் பிரிச்சு, துரு எடுத்து, வெல்டிங் பண்ணி, திரும்பப் பூட்டிக்கிட்டு வந்தேன். இந்த வருஷக் கடைசியில சென்னைக்குத் திரும்பறேன். அப்பாவைத் தனியா விட முடியாத நிலைமை, அதுல யோசிக்க ஒண்ணுமில்லை. வண்டியை விக்கணும். "கப்பல்ல ஏத்திடேன் மச்சி"ன்னு ஒரு நண்பன் சொன்னான். அந்த ஆசை எனக்கு இல்லை. அதுக்கான பார்ட்ஸ் கடை இங்க, அதைத் தெரிஞ்ச மெக்கானிக் இங்க, அது மூட்டை சுமந்த ரோடும் இங்க. வண்டி இந்த ஊர்க்காரன்.

விக்கறதுன்னு முடிவான உடனே ரெண்டு கட்சி உருவாயிடுச்சு. "பிரிச்சு பார்ட் பார்ட்டா வித்தா ரெண்டு மடங்கு கிடைக்கும்"னு ஒரு கட்சி. "இருக்கற நிலைமையிலயே முழுசா தள்ளி விடு"ன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. ஆனா "தள்ளி விடு"ங்கற வார்த்தையோட எனக்கு ஒப்புதல் இல்லை. அதுக்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

வண்டியைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1967-ல இருந்து 1972 வரைக்கும் வந்த சி-10 எல்லாம் ஒரே உடம்பு. 1973-ல புது வடிவம் வந்துடுச்சு, அதனால என்னுது அந்த வரிசையில கடைசி வருஷம். விவசாயி, பிளம்பர், கொத்தனார்னு வேலைக்காரங்க ஓட்டின வண்டி. பெட்ரோல் டாங்க் எங்க இருக்கும் தெரியுமா? கேபினுக்கு உள்ளேயே, சீட்டுக்குப் பின்னாடி. முதுகுல சுமார் 20 கேலன் பெட்ரோலைச் சாய்ச்சுக்கிட்டு ஓட்டணும் :) என்னோடதுல இருக்கறது 250 கியூபிக் இன்ச், அதாவது 4.1 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். கியர் நம்ம பழைய அம்பாசடர் மாதிரி ஸ்டியரிங் பக்கத்துல. ஓடோமீட்டர்ல அஞ்சு இலக்கம்தான், 99,999 தாண்டினா திரும்பப் பூஜ்யம். எத்தனை தடவை பூஜ்யம் ஆச்சுன்னு அந்த வண்டிக்குத்தான் தெரியும்.

பின்பக்கத் தொட்டி 8 அடி, லாங் பெட். சந்தையில கிராக்கி எல்லாம் ஆறரை அடி ஷார்ட் பெட்டுக்குத்தான். லாங் பெட்டை வாங்கி, ஃப்ரேமை நடுவுல வெட்டி, 127 இன்ச் வீல்பேஸை 115 ஆக்கி, ஷார்ட் பெட்டா மாத்தற கூட்டமே இருக்கு. சினிமா ஹீரோயினுக்கு இடுப்பைக் குறைக்கற மாதிரி. எனக்கு அது பிடிக்கலை, ஆனா வாங்கறவன் சுதந்திரம் அது.

இப்ப நிலைமை. கேபின் மூலைகள், ராக்கர் பேனல், டிரைவர் பக்கத் தரை எல்லாம் அழுகின தகரத்தை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெச்சு வெல்டிங் முடிஞ்சது. பிரேக் லைன், மாஸ்டர் சிலிண்டர், பின் வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு. எஞ்சின் ஸ்டாண்டுல இருக்கு, ஹெட் வேலை முடிஞ்சு வந்து மேல உக்காந்தாச்சு, ஆனா இன்னும் உயிர் கொடுத்துப் பார்க்கலை. வயரிங், கண்ணாடி, ரப்பர் பீடிங், சீட், பெயிண்ட் எதுவும் ஆகலை. மொத்தத்துல எத்தனை சதவீதம் முடிஞ்சதுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பெல் லேப்ஸ்ல இருந்த டாம் கார்கில் பேர்ல எங்க தொழில்ல ஒரு கிண்டல் விதி இருக்கு. முதல் தொண்ணூறு சதவீதம் கோடு எழுத தொண்ணூறு சதவீத நேரம் ஆகும், மிச்சம் பத்து சதவீதத்துக்கு இன்னொரு தொண்ணூறு சதவீத நேரம் ஆகும்னு. பழைய வண்டி விளம்பரத்துல "90% முடிஞ்சது"ன்னு பார்க்கறப்ப எல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வருது.

அந்த விளம்பரங்களைப் பத்தியும் சொல்லிடறேன். நாலு வருஷமா பார்ட்ஸ் தேடித் தேடி படிச்சதுல எனக்கு அந்த மொழி அத்துப்படி. "நிறுத்தும்போது ஓடிச்சு"ன்னா நிறுத்தினது ரீகன் காலம். "லேசான துரு"ன்னா தரை வழியா ரோடு தெரியும். "எளிமையான ரெஸ்டோரேஷன்"னு போட்டிருந்தா, அவ்வளவு எளிமைன்னா நீயே ஏம்ப்பா முடிக்கலைன்னு கேக்கணும். எல்லாத்துக்கும் மேல, "குறைச்சுக் கேக்கறவன் வராதே, என்கிட்ட இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும்". இதை எழுதறவன் வண்டியை விக்கலை. செலவழிச்சதைத் திருப்பிக் கேக்கறான்.

இங்கதான் முதல் சிக்கல். வண்டியை நான் 3,800 டாலருக்கு வாங்கினேன். பார்ட்ஸ், வெல்டிங் கேஸ், மெஷின் ஷாப் எல்லாம் சேர்த்து மேல 7,400 ஆயிருக்கு, எக்ஸெல்ல வரி வரியா இருக்கு. மொத்தம் 11,200. நான் கேக்கப் போறது 5,500. வீட்டம்மா "பாதி விலைக்கா?"ன்னு கேட்டாங்க. ஆமா, பாதி விலைக்குத்தான். வாங்க வர்றவன் என் எக்ஸெல்லை வாங்க வரலை. இன்னும் எவ்வளவு வேலை இருக்கு, முடிச்சா இந்த வண்டி என்ன பெறும், நடுவுல இருக்கற வித்தியாசம் என் தலைவலிக்குப் போதுமா, இந்த மூணு கேள்விதான் அவனுக்கு. லாங் பெட், ஆறு சிலிண்டர். முடிச்சாலும் இது ஏலத்துல லட்சம் டாலர் போற வண்டி இல்லை. அவன் கணக்குல என் 11,200 எங்கயும் வராது, வரவும் கூடாது.

போன செலவைப் பிடிச்சுத் தொங்கற குணத்தைப் பத்தி ஆர்க்ஸும் ப்ளூமரும் 1985-லயே எழுதிட்டாங்க. ஒஹாயோ பல்கலைக்கழகத்துல நாடக சீசன் டிக்கெட்டை சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலயும் கொடுத்துப் பார்த்தாங்க. முழு விலை கொடுத்தவங்கதான் சீசனோட முதல் பாதியில அதிக நாடகத்துக்குப் போனாங்களாம். நாடகம் ஒண்ணுதான், கொடுத்த காசு மட்டும்தான் வேற. அடுத்து 1990-ல கானமன், நெட்ச், தேலர் மூணு பேரும் காபி கோப்பையை வெச்சு இன்னொண்ணு காட்டினாங்க. கோப்பை கையில கிடைச்சவங்க, அதை விக்கறதுக்கு வாங்கறவங்க தர்றதா சொன்னதை விட சுமார் ரெண்டு மடங்கு கேட்டாங்க. கோப்பைக்கே ரெண்டு மடங்குன்னா, கையில தழும்போட நாலு வருஷம் உழைச்ச வண்டிக்கு எவ்வளவு? யாரும் இதுக்குத் தப்பிக்க முடியாது. அதனாலதான் விலையை நான் வண்டியைப் பார்த்துக்கிட்டே முடிவு பண்ணலை, ஆபீஸ்ல மதிய சாப்பாட்டு நேரத்துல உக்காந்து முடிவு பண்ணினேன்.

இதுல ஒரு ஆராய்ச்சியை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். நார்டன், மோச்சான், ஏரியலி மூணு பேரும் 2012-ல வெளியிட்ட ஐகியா விளைவுன்னு ஒண்ணு. நாமே பூட்டின பெட்டிக்கு நாம அதிக மதிப்பு கொடுப்போமாம். சரி, ஒத்துக்கறேன். ஆனா வேலையை முடிக்க விடலைன்னா அந்தப் பாசம் காணாமப் போயிடுதுன்னும் சொல்றாங்க. ஐயா, நீங்க பார்த்தது அரை மணி நேரத்துல பூட்டற பெட்டி. டெக்சஸ்ல ஏதாவது ஒரு தெருவுல வந்து கராஜ் ஷட்டரைத் தூக்கிப் பாருங்க. முடியாத வண்டி மேல இருக்கற பாசம் என்னன்னு தெரியும். இருபது வருஷம் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சு, "ரிடையர் ஆனப்புறம் முடிப்பேன்"னு சொல்லி, கடைசியில பசங்க காயலாங்கடைக்கு ஃபோன் பண்ற வண்டிகள் எத்தனை. துரு விடுமுறை எடுக்காது.

சரி, பார்ட்ஸ் கட்சிக்கு வர்றேன். அவங்க வாதம் லேசுப்பட்டது இல்லை. ஒரு பழைய பார்ட்ஸ் வியாபாரி வந்து பார்த்தார். அவர் கண்ணு நேரா முன் அச்சுக்குத்தான் போச்சு. காரணம் இருக்கு. 1971-லதான் சி-10-க்கு முன் டிஸ்க் பிரேக் கம்பெனியிலயே வர ஆரம்பிச்சது. வீல் போல்ட்டும் ஆறுல இருந்து அஞ்சாச்சு. அறுபதுகளோட வண்டி வெச்சிருக்கறவங்க டிரம் பிரேக்கைக் கழட்டிட்டு இதை அப்படியே எடுத்து மாட்டிக்கறாங்க. அதனால 71, 72 முன்பக்க செட்டுக்கு நல்ல கிராக்கி. அப்புறம் கதவு, டெயில்கேட், கிரில், பானட், ஸ்டியரிங் காலம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை சொல்லிக்கிட்டே போனார். கூட்டிப் பார்த்தா 9,000-த்தைத் தொடுது. மிச்சம்? நான் தகடு வெச்சு வெல்டிங் பண்ணின கேபினும் ஃப்ரேமும். "அது இரும்பு விலைக்குப் போகும்"னார்.

நான் புதுப்பேட்டை பார்த்து வளர்ந்தவன். பார்ட் பார்ட்டா பிரிக்கறதைப் பாவம்னு சொல்ற ஆள் நான் இல்லை. புதுப்பேட்டை இல்லைன்னா எங்க தெரு ஆட்டோக்களும் எங்க மாமாவோட ஸ்கூட்டரும் எப்பவோ நின்னு போயிருக்கும். செத்த வண்டி நாலு வண்டிக்கு உயிர் கொடுக்கறது நல்ல சாவுதான். ஃப்ரேம் அழுகிப் போச்சு, விபத்துல முறுக்கிக்கிச்சு, பேப்பர் இல்லை, இந்த மாதிரி வண்டியை முழுசா விக்கறேன்னு அடம் பிடிக்கறதுதான் அநியாயம். அதைப் பிரிங்க, தாராளமா.

என் வண்டி அந்த நிலைமையில இல்லை. ஃப்ரேம் நேரா இருக்கு. கேபின்ல இந்த மாடலைக் கொல்ற இடங்கள் எல்லாமே வேலை முடிஞ்ச இடங்கள். இன்னொண்ணு, 67-72 வண்டிக்கு கான்சஸ்ல இருக்கற எல்எம்சி டிரக் மாதிரி கடைகள்ல தகடு, ரப்பர், விளக்கு, சீட் துணி வரைக்கும் புதுசாவே அச்சடிச்சு விக்கறாங்க. கதவு வேணும்னா கதவு கிடைக்கும். பொருந்தறதுக்குக் கொஞ்சம் தட்டணும், அவ்வளவுதான். கடையில கிடைக்காதது ஒண்ணே ஒண்ணு: துரு எடுத்த, நேரான, சட்டப்படி பேப்பர் இருக்கற ஒரு முழு வண்டி. அதை இரும்பு விலைக்கு அனுப்பிட்டு, கடையில கிடைக்கற கதவைக் காப்பாத்தறது என்ன கணக்கு?

பணக் கணக்கே பார்த்தாலும் அந்த 9,000 ஒரு காகித நம்பர். வியாபாரி மொத்தமா எடுத்தா அவர் லாபம் போகத்தான் தருவார். நானே விக்கணும்னா இருபது விளம்பரம், ஒவ்வொண்ணுக்கும் "இருக்கா?"ன்னு கேட்டுட்டு காணாமப் போற முப்பது பேர், பானட்டை எப்படிப் பார்சல் பண்றதுன்னு மண்டையைப் பிச்சுக்கறது. முதல் மாசம் முன் பிரேக்கும் டெயில்கேட்டும் போயிடும். ஆறாவது மாசம் நான் சென்னையில இருப்பேன், ஒரு கேபின் கராஜ்ல இருக்கும், வீட்டுக்காரர் எனக்கு ஃபோன் பண்ணிக்கிட்டிருப்பார்.

ஆனா முழுசா விக்கறதுன்னா இருக்கறதை அள்ளி பெட்டியில போட்டுக் கொடுக்கறது இல்லை. இதுதான் எனக்கு முக்கியம். பிரிச்சுப் போட்ட வண்டியில உண்மையான சொத்து, எந்த போல்ட் எங்க போகும்னு பிரிச்சவன் மண்டையில இருக்கற ஞாபகம். அவன் விக்காம வெச்சிருக்கற ஒவ்வொரு வருஷமும் அது அழியுது. பத்து வருஷம் கழிச்சு வித்தா ஒரு டப்பா நிறைய போல்ட்டும் ஒரு அசட்டுச் சிரிப்பும்தான் கொடுக்க முடியும்.

ஐடியில இருக்கறவங்களுக்கு கேடின்னா தெரியும். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். பிராஜக்டை விட்டுப் போறவன் அடுத்து வர்றவனுக்கு ரெண்டு வாரம் சொல்லிக் கொடுக்கணும். நடைமுறையில என்ன நடக்கும்? கடைசி நாள் சாயங்காலம் "எல்லாம் கோடுலயே இருக்கு, படிச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு கேக் வெட்டப் போயிடுவான். எனக்கு அப்படி ஒரு கோடு வந்து சேர்ந்திருக்கு. ஒரு கமென்ட் இல்லை, ஒரு டாக்குமென்ட் இல்லை, எழுதினவன் வேற கம்பெனியில. அந்த ஆத்திரத்துலதான் முதல் போல்ட்டைக் கழட்டின அன்னிக்கே ஜிப்லாக் பை, மார்க்கர் பேனா வாங்கினேன்.

இப்ப மொத்தம் 143 பை இருக்கு. ஒவ்வொண்ணுலயும் எண், எந்த இடம், எந்தப் பக்கம். கழட்டறதுக்கு முன்னாடி எடுத்த ஃபோட்டோ எல்லாம் அந்த எண்ணோட ஃபோல்டர்ல. வண்டியோட வந்த பழைய வயரிங்கை வெட்டி எறியாம, ஒவ்வொரு முனைக்கும் டேப் ஒட்டி, சுருட்டி வெச்சிருக்கேன். புது வயரிங் போடறவனுக்கு அதுதான் வரைபடம். கிளவ் பாக்ஸ் கதவு உள்பக்கம் ஃபேக்டரியில ஒட்டின காகிதம் ஒண்ணு இருக்கும், பெயிண்ட் என்ன, ஆப்ஷன் என்னன்னு எல்லாம் அதுல இருக்கும். 50 வருஷம் தாண்டியும் படிக்கற மாதிரி இருக்கு. பார்ட் பார்ட்டா வித்தா அந்தக் கதவு ஒரு ஊருக்கும் வண்டி இன்னொரு ஊருக்கும் போயிருக்கும்.

நல்லதை மட்டும் சொல்லி விக்கறதும் எனக்குப் பிடிக்காது. டிங்கரிங் பார்த்து பட்டி போட்டு மூடினா, அது நம்ம ஊரா இருந்தாலும் டெக்சஸா இருந்தாலும் காந்தம் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும். வலது பக்க பின் ஃபெண்டர்ல எனக்கு முன்னாடி யாரோ அப்பின பட்டி கனமா இருக்கு. அதைச் சுத்தி சாக்பீஸ்ல வட்டம் போட்டு ஃபோட்டோ எடுத்து விளம்பரத்துல முதல் படமாப் போட்டிருக்கேன். "ஏண்டா கடைக்கு வர்றவனை வாசல்லயே விரட்டறே"ன்னு நண்பன் திட்டினான். ஃபெண்டரைப் பார்த்து ஓடறவன் வயரிங்கைப் பார்த்தும் ஓடுவான். அவன் ட்ரெய்லர் எடுத்துட்டு வந்து திரும்பிப் போறதை விட வராம இருக்கறது ரெண்டு பேருக்கும் நல்லது.

பேப்பர் விஷயம் சுருக்கமா. நம்ம ஆர்சி புக் மாதிரி இங்க டைட்டில். என் பேர்ல இருக்கு, கடன் ஏதும் இல்லை. டெக்சஸ்ல 130-யூ படிவத்துல விக்கறவன் வாங்கறவன் ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். வித்த 30 நாளுக்குள்ள வண்டி கைமாறினதை மாநிலத்துக்குத் தெரிவிச்சுடணும். நம்பர் பிளேட்டைக் கழட்டி வெச்சுக்கணும். ஓடாத வண்டிதானேன்னு டைட்டில்ல வாங்கறவன் பேரை நிரப்பாம கொடுக்கற பழக்கம் நிறைய பேர்கிட்ட இருக்கு. அது சட்டவிரோதம்ங்கறது ஒரு பக்கம். ரெண்டு கை மாறினதும் பேப்பர் தொலையும், பேப்பர் தொலைஞ்ச வண்டி கடைசியில பிரிக்கற இடத்துக்குத்தான் போகும்.

முடிக்காம விக்கறோமேன்னு வெட்கமா இல்லையான்னு கேட்டாங்க. இல்லை. இந்த வண்டியை நான் வாங்கினப்பவே எனக்கு முன்னாடி ஒருத்தர் பாதியில விட்டதுதான். பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அவர் மாத்தினது. நல்ல வேலை, நான் கையே வைக்கலை. அவர் அதைப் பதினஞ்சு வருஷம் தார்ப்பாய்க்குள்ள வெச்சிருந்தா எனக்கு வாங்க வண்டியே இருந்திருக்காது. இன்னிக்கு ரோட்டுல பளபளன்னு போற எத்தனையோ பழைய வண்டி மூணு நாலு கை மாறி முடிஞ்சதுதான். கடைசியா பாலிஷ் போட்டவன்தான் ஃபோட்டோவுக்கு நிப்பான். நிக்கட்டும்.

விளம்பரம் போட்டு அஞ்சு நாள் ஆச்சு. முன் பிரேக்கை மட்டும் கேட்டு எட்டு பேர். எஞ்சினை மட்டும் கேட்டு ஒருத்தர். ஐபோனுக்கு மாத்திக்கலாமான்னு ஒருத்தர். நேத்து ராத்திரி ஃபோர்ட் வொர்த் பக்கத்துல இருந்து ஒரு வெல்டர் பேசினார். விலையைப் பத்திக் கேக்கவே இல்லை. "கேபின் தரைக்கு எந்த கேஜ் தகடு போட்டே?"ன்னு கேட்டார். பதினெட்டுன்னேன். "அந்தப் பைங்களையும் சேர்த்துத்தானே தர்றே?"ன்னார். ஆமான்னேன். ஞாயித்துக்கிழமை ட்ரெய்லரோட வர்றாராம். அதுக்குள்ள நாலு டயருக்கும் காத்தடிச்சு, எஞ்சின் ஸ்டாண்டை கராஜ் வாசல் பக்கம் நகர்த்தி வைக்கணும்.